வாஷி பாலத்தில் இழுக்காத வண்டி

தாராவி
6 ஜனவரி 2025

மதினிக்கு இசக்கிராஜ் எழுதுவது.

போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்சப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. புத்தாண்டு அன்று என் ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "இனி உன்கூட வாய் தொறந்து ஒரு வார்த்தை பேசுனா நான் உங்கண்ணன் பொண்டாட்டி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வாயால்தானே பேசக்கூடாது, கையால் எழுதலாமே என்று பேப்பரை எடுத்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுபோகும் பூலோகம் வாரத்தில் பாதி நாள் செம்பூர் வருகிறான். அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

நம் சண்டைக்குக் காரணம் டிரைவர் மன்சூர் அலி பாய். கோபர்கைரனேயில் நம் வேன் ஆட்களை ஏற்றி இறக்குகிற கம்பெனி கேட்டில், மற்ற டிரைவர்கள் எல்லாரும் பார்க்க, அவர் டீசல் திருடி விற்கிறார் என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கியிருக்கிறீர்கள். அண்ணன் போன பிறகு, வண்டியை ஓட்ட ஒரு நல்ல ஆள் வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். அவரைக் கூட்டிவந்து விட்டவன் நான். அதனால் அந்தச் சொல் என் மேலும் விழுந்திருக்கிறது.

டேங்க் நிரப்பினால் சனிக்கிழமை வரை வந்த டீசல் இப்போது வியாழக்கிழமையே காலியாகிறது, வண்டியும் முன்போல் இழுப்பதில்லை என்றீர்கள். சரி, வண்டியை யாராவது பார்த்தார்களா? இழுக்காத வண்டியும் டீசல் குடிக்கும். ஆளைக் கேட்கும் முன் வண்டியைக் கேட்டுவிடுவோம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எப்போது இழுக்கவில்லை? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏசி போட்டாலா? ஆட்கள் நிறைய உட்கார்ந்தாலா? சமதளத்திலா, பாலம் ஏறும்போதா? பின்னால் புகை வருகிறதா, என்ன நிறம்? இதெல்லாம் தெரியும்வரை எந்தச் சாமானையும் மாற்றாதீர்கள். யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இசக்கிராஜ்


செம்பூர்
9 ஜனவரி 2025

திரு. இசக்கிராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பூலோகம் வாசலில் நின்று, "பதில் வாங்காம வராதன்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ" என்று செருப்பைக் கூடக் கழற்றாமல் நிற்கிறான். அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதால் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு உங்கள் பாய் பெரிது. எனக்கு இந்த வண்டிதான் சோறு. கம்பெனியில் ஆட்கள் தினமும் லேட் என்று புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மாசக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். வண்டி இப்படியே இருந்தால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று மேனேஜர் பெண் சொல்லிவிட்டாள்.

வண்டியை யாராவது பார்த்தார்களா என்று கேட்டீர்கள். பார்த்தார்கள். இங்கே செம்பூரில் பெரிய ஒர்க்‌ஷாப். கண்ணாடி ரூமில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்து, டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுக் காப்பி கசந்துவிட்டது. இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. வண்டி கெட்டது உண்மையாக இருந்தால் ஆள் நல்லவன் என்று ஆகிவிடுமா? இரண்டும் கெட்டிருக்கக் கூடாதா?

கேட்டதற்குப் பதில். இப்போது நம் ஊர்ப் பையன் செல்லப்பாண்டி ஓட்டுகிறான், தற்காலிகமாக. காலையிலும் அதே, மாலையிலும் அதே. ஏசியை நிறுத்தினாலும் அதே. செம்பூருக்குள் மெதுவாகப் போகும்போது புது வண்டி மாதிரி இருக்கிறது. மான்குர்ட் மேம்பாலத்திலும் வாஷி பாலத்திலும் ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த உட்கார்ந்துகொள்கிறது. காலை எடுத்துவிட்டு மறுபடி மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் போகிறது. புகை கருப்பு. பின்னால் வந்த பைக்குக்காரன் பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, வண்டியா, செங்கல் சூளையா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கனகவள்ளி


தாராவி
11 ஜனவரி 2025

மதினிக்கு,

'திரு' போட்டு எழுதிய கடிதத்தைப் பூலோகம் ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் காட்டிவிட்டான். இரண்டு நாளாக என்னைத் 'திரு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நீங்கள் எழுதியதில் பாதி வேலை முடிந்துவிட்டது. வெள்ளைப் புகை என்றால் வேறு பக்கம் தேடணும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் டீசல் வந்துவிட்டது, அதை எரிக்கப் போதுமான காற்று வரவில்லை, அல்லது டீசல் தேவைக்கு மேல் கொட்டுகிறது. எரியாத டீசல்தான் கரும்புகை. அது டேங்கில் இருந்து போகும், வேகமாகவும் மாறாது.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஆனால் அது 'காற்று குறைவு' என்று மட்டும்தான் சொல்லும். ஏன் குறைவு என்று சொல்லாது. காற்றை உள்ளே அழுத்துகிற டர்போ ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. சின்னதில் ஆரம்பித்துப் பெரியதில் முடிக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

முதலில் டேங்க். கழுத்து வரை நிரப்புங்கள். நீங்களே வண்டியில் உட்காருங்கள். பன்வேல் போய்த் திரும்பி வந்து, அதே பம்பில், அதே குழாயில் மறுபடி கழுத்து வரை நிரப்புங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குடித்தது என்று கணக்குப் போட உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்சூர் பாய் வண்டியில் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். அப்போதும் மைலேஜ் அதே மாதிரி விழுந்தால் திருடியது யார்?

இரண்டாவது, டீசல் ஃபில்டர். அதுதான் அடைத்திருக்கிறது, நிச்சயம். புதுசு ஒன்று பூலோகத்திடம் கொடுத்திருக்கிறேன். செல்லப்பாண்டியே மாற்றுவான்.

பொங்கலுக்கு என் வீட்டுக்காரி விஜயராணி கரும்பும் மஞ்சள் கொத்தும் தந்திருக்கிறாள். என் மேல் கோபம் என்றாலும் அவளிடம் வாங்கிக்கொள்ளலாம்.

இசக்கிராஜ்


செம்பூர்
16 ஜனவரி 2025

இசக்கிராஜுக்கு,

கரும்பு கிடைத்தது. விஜயராணியிடம் மட்டும் நன்றி சொன்னதாகச் சொல்லவும்.

டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. மாற்றிவிட்டு மான்குர்ட் பாலம் ஏறினோம். அதே கதைதான். பாதியில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் ஒரு டேங்கர் லாரி ஹாரனில் கையை வைத்தபடி வந்தது. செல்லப்பாண்டி, "அக்கா, எறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டான். 'நிச்சயம்' என்று எழுதியது யார்? கண்ணாடி ரூம்காரன் டர்போ நிச்சயம் என்கிறான், நீ ஃபில்டர் நிச்சயம் என்கிறாய். அவன் காப்பியாவது கொடுத்தான்.

அடுத்து ஏர் ஃபில்டரையும் திறந்து பார்த்தோம். உன்னைக் கேட்காமல்தான். வெள்ளை வெளேர் என்று புதுசு மாதிரி இருக்கிறது. அதனால் காற்றுப் பிரச்சினை இல்லை. இனி நீ என்ன சொல்லப்போகிறாய் என்று பார்க்கிறேன். மேனேஜர் பெண் நேற்றுக்கூட, "ஆன்ட்டி, இந்த மாசம்தான்" என்றாள்.

டேங்க் சோதனையும் செய்தேன். பொங்கல் மறுநாள் செய்தேன். பன்வேல் வரை போய் வந்தோம். டீ குடிக்கக்கூட நான் இறங்கவில்லை. செல்லப்பாண்டியையும் இறங்கவிடவில்லை. பாவம், அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும். திரும்பி வந்து அதே பம்பில் நிரப்பினோம்.

மன்சூர் அலி ஓட்டும்போது எவ்வளவு குடித்ததோ அவ்வளவே குடித்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு உடனே ஒன்றும் எழுத வேண்டாம். காரணம் தெரியட்டும். தெரிந்த பிறகு பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம்.

கனகவள்ளி


தாராவி
18 ஜனவரி 2025

மதினிக்கு,

டேங்க் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஃபில்டரில் தோற்றது நான்தான். கரும்புகை என்றால் காற்றுக் குறைவு என்று நானே எழுதிவிட்டு டீசல் பக்கம் தேடினேன். பார்க்காமல் நிச்சயம் என்று சொல்கிறவனை இங்கே ஸ்பானரால் அடிக்கப் போவேன். என்னை அடிக்க ஆள் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் மூன்று தடவை படித்தேன். ஏர் ஃபில்டர் வெள்ளை வெளேர் என்று இருக்கிறதா? அதைப் போட்டது நான். ஆயுத பூஜைக்கு முன் சர்வீசுக்கு வந்தபோது போட்டேன். அதற்கப்புறம் இந்த வண்டி தினமும் செம்பூருக்கும் கோபர்கைரனேவுக்கும் போய் வருகிறது. ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பால்கனியில் போட்ட வேட்டியே மாலையில் சாம்பல் நிறமாகிறது. அந்த ஃபில்டர் இந்நேரம் கரி மாதிரி இருக்க வேண்டும். மும்பையில் ஒரு ஃபில்டர் இவ்வளவு நாள் வெள்ளையாக இருக்கிறது என்றால் அது நல்ல ஃபில்டர் என்று அர்த்தமில்லை. அதுவரைக்கும் காற்று சரியாக வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

அதற்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறது. பானட்டைத் திறந்தால் இடது பக்க விளக்குக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அதன் வழியாகத்தான் வண்டி மூச்சு இழுக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு போல்ட்தான். எலி கூடு கட்டியிருக்கும் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் எழுதியிருக்கிறேன், நிச்சயம் என்று எழுதவில்லை. எலி ஓடி வந்தால் கத்தாதீர்கள், பில்டிங்கே இறங்கி வந்துவிடும்.

இசக்கிராஜ்


செம்பூர்
20 ஜனவரி 2025

தம்பி இசக்கிக்கு,

எலி இல்லை.

செல்லப்பாண்டி குழாயைக் கழற்றி டார்ச் அடித்தான். "அக்கா, உள்ள என்னமோ செவப்பாத் தெரியுது" என்றான். இரண்டு விரலை விட்டு இழுத்தான். ஒரு முடிச்சு வந்தது. பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். சிவப்புத் துணி, உள்ளே திருநீறு. மழை ஈரத்திலும் புகையிலும் கெட்டியாகக் களிமண் மாதிரி ஆகியிருந்தது. துணி ஒரு பக்கம் விரிந்து, குழாய் அளவுக்கு ஒரு மூடி மாதிரி உள்ளே கிடந்திருக்கிறது. தூசி எல்லாம் அதில்தான். ஃபில்டர் வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் புரிந்தது.

உன் ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் நீ கட்டுகிற முடிச்சு இது. சுடலைமாடன் கோயில் திருநீறு. ஒவ்வொரு வருஷமும் முன்னால் கம்பி வலையில், எலுமிச்சம் பழத்தோடு வெளியே கட்டுவாய். போன ஆயுத பூஜைக்குக் கம்பெனியில், வண்டிக்கு வெளியே எதுவும் தொங்கக்கூடாது என்றார்கள். நான்தான் உன்னிடம், "சாமி இல்லாம வண்டி ஓடக்கூடாது, உள்ள கட்டு" என்றேன். பானட்டுக்குள் முன்கம்பியில், அந்தக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் கட்டினாய். கயிறு தளர்ந்து முடிச்சு நழுவி, காற்று அதை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

மெதுவாகப் போகும்போது அது குழாய்க்குள் படுத்துக் கிடக்கும். அழுத்தி ஓட்டினால் காற்று வேகத்தில் எழுந்து குழாயை அடைத்துக்கொள்ளும். காலை எடுத்தால் மறுபடி படுத்துவிடும். அதுதான் செம்பூருக்குள் நல்ல வண்டி, பாலத்தில் கெட்ட வண்டி. டர்போவுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி ரூமில் குடித்த காப்பிதான் எனக்கு மிச்சம்.

குழாயை மாட்டிவிட்டு வாஷி பாலம் ஏறினோம். இழுத்தது. புகை இல்லை. செல்லப்பாண்டி சந்தோஷத்தில் ஒரு பஸ்ஸை முந்தினான், திட்டினேன்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மன்சூர் அலி தினமும் காலையில் பானட்டைத் திறந்து தண்ணீர், ஆயில் பார்ப்பார். கம்பியில் முடிச்சு இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். ஏன் வாயைத் திறக்கவில்லை? சொல்லியிருந்தால் அன்றைக்கே தேடியிருப்போமே. நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேனே.

கனகவள்ளி


தாராவி
23 ஜனவரி 2025

மதினிக்கு,

கோவண்டிக்குப் போய்வந்தேன். மன்சூர் பாய் வீட்டில் இருந்தார். பகலில் வீட்டில் இருக்கிற ஆள் இல்லை அவர். அவர் சம்சாரம் மர்யம் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். முடிச்சு எங்கே இருந்தது, வண்டி ஏன் இழுக்கவில்லை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நீங்கள் கேட்ட கேள்வியைக் கேட்டேன்.

"பாத்தேன்" என்றார். "தீபாவளி கழிஞ்சு ஒருநாள் காலையில பானட்டைத் தொறந்தா கயிறு மட்டும் தொங்குது. முடிச்சக் காணோம். கீழ தேடுனேன். ரோட்டுல விழுந்துருக்கும்னு நெனச்சேன்."

"மதினிகிட்ட சொல்லிருக்கலாமே பாய்?"

"என்னன்னு சொல்ல? ஒங்க சாமி முடிச்சக் காணோம், நான் எடுக்கலன்னா? எடுத்தியான்னு அக்கா கேக்க மாட்டாக. எனக்குத் தெரியும். ஆனா அக்கா வீட்டுக்கு வர்றவக, கம்பெனில பூஜைக்கு நிக்கிறவக, நம்ம செல்லப்பாண்டி, எவனாவது ஒருத்தன் கேப்பான். 'பாய் கையில வண்டி இருக்கு, சாமி முடிச்சக் காணோமாம்'னு ஒருத்தன் சொன்னாப் போதும். அதான் அந்தக் கயித்த அப்படியே இறுக்கிக் கட்டி வெச்சேன். யாரும் கவனிக்காம போகட்டும்னு."

உள்ளேயிருந்து மர்யம் சொன்னது: "அந்தப் பேருக்குப் பயந்து வாயை மூடினாரு. கடைசியில டீசல் திருடன்னு பேரு. எது வேணுமோ எடுத்துக்கோங்கன்னு அல்லா ரெண்டையும் தட்டுல வெச்சுக் குடுத்துருக்கான்."

இருபது வருஷமாக ஒரே மாதிரிதான் அந்த முடிச்சைப் போடுகிறேன். வெளியே கட்டுகிற முடிச்சை, உள்ளே சூட்டிலும் காற்றிலும் நிற்குமா என்று யோசிக்காமல் உள்ளே கட்டினேன். வண்டிக்குள் எதையாவது புதிதாக வைத்தால் அதை முதலில் சந்தேகப்பட வேண்டும். வருகிற எல்லாரிடமும் 'கடைசியா என்ன மாத்துனீங்க' என்று கேட்கிறவன், என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இதே மாதிரி உள்ளே கட்டச் சொன்ன மற்ற வண்டிக்காரர்களையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கோவண்டிக்கு வந்து மன்னிப்புக் கேட்கத் தயாராக இருப்பீர்கள் என்று சொன்னேன். பாய் வேண்டாம் என்றார். "வீட்டுக்கு வந்து சொன்னா வீட்டுக்குத்தான் தெரியும். எங்க சொன்னாகளோ அங்க சொல்லச் சொல்லுங்க."

கம்பெனி கேட்டில், டிரைவர்கள் முன்னால். அவ்வளவுதான் கேட்கிறார். முடிவு உங்களுடையது.

இசக்கிராஜ்


செம்பூர்
30 ஜனவரி 2025

தம்பி இசக்கிக்கு,

போனேன். நேற்று மாலை, ஷிஃப்ட் மாறுகிற நேரம். அப்போதுதான் எல்லா வண்டியும் கேட்டில் நிற்கும். மன்சூர் அலி டீக்கடை ஓரத்தில் நின்றிருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். நான் இருக்கும் பக்கம் வரவில்லை.

என் இந்தி உனக்குத் தெரியும். காய்கறிக்காரனோடு சண்டை போட மட்டும்தான் வரும். அன்றைக்குச் சாவியைப் பிடுங்கியபோது எப்படியோ மடமடவென்று வந்தது. நேற்று ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில், "மன்சூர் பாய்னே சோரி நஹி கியா. மேரா கல்தி. பூஜா கா கப்டா பைப் மே பஸ் கயா தா" என்றேன். அவர் திருடவில்லை, தப்பு என்னுடையது, பூஜைத் துணி குழாயில் சிக்கியிருந்தது என்று.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு மராத்தி டிரைவர் இரண்டு மூன்று கேள்வி கேட்டுப் புரிந்துகொண்டு, "அரே, தோ சோர் பகவான் நிக்லா!" என்றான். திருடன் சாமிதானா என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மன்சூர் அலி சிரிக்கவில்லை. சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாரும் கேட்டாயிற்றா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் என் பக்கம் வந்தார். சாவியை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். "பாலம் ஏத்திப் பாக்கேன்க்கா, ஏறுங்க" என்றார். ஏறினேன். கேட்டைத் தாண்டும்போது மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள், அவரும் தூக்கினார். வாஷி பாலத்தில் அழுத்தினார். வண்டி சத்தமில்லாமல் போயிற்று. காலை எடுத்தார், மறுபடி அழுத்தினார். கண்ணாடியில் பின்னால் புகையைப் பார்த்தார். வலது பக்கம் முன் டயரில் காற்றுக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, செல்லப்பாண்டியிடம் சொல்லுங்கள் என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பில்டிங் வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"பேரு வந்துருச்சுக்கா. அது போதும். கோவண்டியில ஒரு ஸ்கூல்ல வேன் ஓட்டக் கூப்புடுறாக. பிள்ளைகள ஏத்துற வண்டி, விசாரிச்சுட்டுத்தான் எடுப்போம்னாக. அந்தக் கேட்டுல வந்து விசாரிங்கன்னு இப்ப தைரியமாச் சொல்லலாம்."

"நான் சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சே. இன்னும் என்ன செய்யணும் பாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க சொன்னதுல கொறையில்ல. ஆனா நாளைக்கு வேற எதாவது காணாமப் போச்சுன்னு வைங்க. மொதல்ல யாரு ஞாபகம் வரும்?"

நான் யோசித்தேன். சட்டென்று, "உங்க ஞாபகம் வராது" என்று சொல்லியிருக்கலாம். யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். பிறகு, "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு கோவண்டி ஷேர் ஆட்டோவுக்கு நடந்தார்.

கம்பெனியில் ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டார்கள். செல்லப்பாண்டியே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன். டிரைவர் யாரையும் தேடி அனுப்ப வேண்டாம்.

வண்டி நன்றாக இழுக்கிறது.

கனகவள்ளி